எட்டு மருந்துகளை ஏன் மறைச்சீங்க?

மைக்ரோபயாலஜி லேபுக்கு நோயாளிகள் வருவதில்லை. குழாய்கள்தான் வரும். ரத்தம், சளி, சிறுநீர், சீழ் என்று எதுவானாலும் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டு வந்து சேரும். இரண்டு மூன்று நாளில் ஒரு தாளாகத் திரும்பிப் போகும். அந்தத் தாளை யார் வாங்குகிறார்கள், வாங்கும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆவலும் இந்தத் தொழிலில் சில வருடங்களில் வற்றிவிடும். அதனால்தான், ஓர் இளைஞர் கையில் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு கவுன்டருக்கு வந்து, "இதுல கையெழுத்துப் போட்ட டாக்டரைப் பார்க்கணும்" என்று நின்றபோது, பில் தகராறு என்றுதான் எங்கள் டெக்னீஷியன் நினைத்திருக்கிறார். நான் வெளியே போனேன். அவர் சத்தம் போடவில்லை. இரண்டு தாளையும் கவுன்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் நீவிச் சரிசெய்துவிட்டுக் கேட்டார்: "மேடம், ஒரே குழந்தை, ஒரே கிருமி. ரத்த ரிப்போர்ட்ல பதினாலு மருந்து இருக்கு. முதுகுல எடுத்த தண்ணி ரிப்போர்ட்ல ஆறுதான் இருக்கு. மிச்ச எட்டை ஏன் மறைச்சீங்க?"

அவர் அந்தக் குழந்தையின் தகப்பன். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவர். எந்த மருந்து என்ன விலை என்று அவருக்குத் தெரியும். மறைந்திருந்த எட்டில் சில மிக மலிவானவை. குழந்தைக்கு ஏறிக்கொண்டிருந்த மெரோபெனெம் அப்படி அல்ல. அவர் சந்தேகம் எந்தப் பக்கம் போகிறது என்பது புரிந்தது. கோபம் வரவில்லை. இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

குழந்தை 32 வாரத்தில் பிறந்தது. எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மூச்சு ஒருவழியாகச் சீராகி, டியூப் வழியாகத் தாய்ப்பால் ஏறத் தொடங்கி, இனி எடை கூடினால் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்த பன்னிரண்டாம் நாள், பால் செரிக்காமல் அப்படியே நின்றது. நடுநடுவே மூச்சு விட மறந்தது. காய்ச்சல்கூட இல்லை. இந்த வயதில் காய்ச்சல் வரவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அன்று இரவே ரத்தமும் முதுகுத்தண்டு நீரும் எடுத்து அனுப்பிவிட்டு, அந்த வார்டின் வழக்கப்படி பைபராசிலின்-டாசோபாக்டமும் அமிகாசினும் தொடங்கினார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்த நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்க வேண்டும். இது அரிசி கழுவிய நீராக வந்தது. கிராம் சாயம் ஏற்றிப் பார்த்ததில் இளஞ்சிவப்புக் குச்சிகள், அதாவது கிராம்-நெகடிவ் வகைக் கிருமிகள். நான் போன் செய்த சில நிமிடங்களில் குழந்தை மருத்துவர் பைபராசிலினை நிறுத்திவிட்டு மெரோபெனெமுக்கு மாறிவிட்டார். ரத்தத் தொற்றுக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். மூளைக்காய்ச்சல் என்பதால் 40, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரண்டு நாள் கழித்து வளர்ந்த கிருமி கிளெப்சியெல்லா. செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்துகளில் பெரும்பாலானவற்றை உடைத்துப்போடும் ரகம்; ஆனால் மெரோபெனெமுக்குக் கட்டுப்படுகிறது. இப்போதெல்லாம் அதற்கே சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது.

"சரி மேடம், முதல்ல போட்ட மருந்துக்கும் எஸ்னு தானே வந்திருக்கு? அதை ஏன் நிறுத்துனாங்க? அது ஏன் இந்தத் தாள்லயே இல்ல?"

ரத்தத்துக்குப் போட்ட கணக்கு

கிருமி மருந்துக்கு அடங்கும் என்பதற்கு நாங்கள் போடும் எஸ் என்ற அந்த எழுத்து எப்படி வருகிறது என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டியிருந்தது. கிருமியை எடுத்து, மருந்தைப் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்க்கிறோம். வழக்கமான டோஸ் கொடுத்தால் மருந்து உடலில் எவ்வளவு சேரும் என்பதை வைத்து ஓர் எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கிருமி அந்தக் கோட்டுக்குக் கீழேயே அடங்கினால் எஸ். பெரும்பாலான மருந்துகளுக்கு அந்தக் கோடு ரத்தத்தில் சேரும் அளவை வைத்துப் போட்டது, அதுவும் பெரியவர்களின் ரத்தத்தை. மூளையைச் சூழ்ந்த நீரில் எவ்வளவு சேரும் என்பது அந்த எழுத்துக்குள் இல்லை. மூளையின் ரத்தக்குழாய்களில் செல்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ரத்தத்தில் ஓடுவதெல்லாம் அங்கே கசிந்துவிட முடியாது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும்போதும் கடைசித் தெருக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பது போலத்தான். பைபராசிலின் கொஞ்சம் போகும். அதைக் கிருமியின் நொதியிலிருந்து காப்பாற்றும் டாசோபாக்டம் போதிய அளவுக்குப் போவதில்லை. துணை இல்லாத பைபராசிலினை இந்தக் கிளெப்சியெல்லா உடைத்துவிடும். ரத்தத்தில் எஸ் என்பது உண்மை, ஆனால் அது மூளைக்குப் பொருந்தாது.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. அழற்சி இருக்கும்போது அந்தத் தடுப்பு சற்றுக் கசியும். மெரோபெனெம் போன்றவை அப்போதுதான் நன்றாக உள்ளே போகின்றன. குழந்தை தேறத் தேற அந்தக் கசிவும் அடைபடும். ஆகவே "இப்பத்தான் நல்லாயிட்டானே, டோஸைக் குறைக்கலாமே" என்பது இங்கே தலைகீழான யோசனை. நோய் தணியும்போதுதான் ரத்தத்தில் முழு அளவு இருக்கவேண்டும். போதாததற்கு, மூளைநீரில் உடலின் சொந்தப் பாதுகாப்பும் குறைவு. ரத்தத்தில் கிருமியைச் சூழ்ந்து தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் அங்கே மிகச் சொற்பம். வளர்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு மிச்சத்தை உடல் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுகிற டைஜிசைக்ளின் மாதிரி மருந்துகள் அங்கே உதவாது. கொல்கிற மருந்து வேண்டும்.

பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார். பிறகு போனை எடுத்து எதையோ தேடி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். "குளோராம்பெனிகால். இது மூளைக்கு நல்லாப் போகும்னு போட்டிருக்கே மேடம். ரத்த ரிப்போர்ட்ல எஸ் இருக்கு. விலையும் ஒண்ணுமில்ல. இதையும் ஏன் எடுத்துட்டீங்க?"

அவர் சொன்னது சரி. குளோராம்பெனிகால் மூளைநீருக்குள் போகிற அளவுக்குப் பல விலை உயர்ந்த மருந்துகள் போவதில்லை. ஒரு காலத்தில் டைபாய்டுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் அதுதான் மருந்து. கண் சொட்டு மருந்தில் இன்றும் இருக்கிறது. ஆனால் பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு அதைக் கழித்து வெளியேற்றும் திறன் வந்திருக்காது. 1950களில் அமெரிக்காவில், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் இருக்கட்டும் என்று இதைக் கொடுத்தார்கள். வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, ரத்த ஓட்டம் சரிந்து குழந்தைகள் இறந்தன. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில் குழு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து 1959இல் வெளியிட்டார்கள்: எந்த மருந்தும் பெறாத குழந்தைகளில் சுமார் 19 சதவீதம் இறந்திருந்தன, குளோராம்பெனிகால் பெற்றவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல். ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தச் சாவுகளையும் குறைமாதத்தின் கணக்கிலேயே எழுதியிருப்பார்கள்.

சல்ஃபா மருந்துகளின் கதையும் இதே ஜாதிதான். அவை மஞ்சள் காமாலை நிறமியை அது ரத்தத்தில் ஒட்டியிருக்கும் புரதத்திலிருந்து தள்ளிவிட, நிறமி மூளையில் போய்ப் படியும். செஃப்ட்ரியாக்சோனும் அப்படித் தள்ளும். கால்சியம் ஏறுகிற குழந்தைக்குள் அதனோடு சேர்ந்து படிகமாகவும் உறையும். செஃபோடாக்சிம் அதன் நெருங்கிய உறவு. ஆனால் இந்த இரண்டு வம்பும் அதற்கு இல்லை. அதனால்தான் பெரியவர்கள் வார்டில் செஃப்ட்ரியாக்சோன், பச்சிளங்குழந்தை வார்டில் செஃபோடாக்சிம். இமிபெனெமை மூளைக்காய்ச்சல் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு வலிப்பு வந்து, 1991இல் வெளியான அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அதே குடும்பத்து மெரோபெனெம் அந்த அளவுக்கு வலிப்பைத் தூண்டாததால்தான் அந்த இடத்தைப் பிடித்தது.

மறைப்பது சரிதானா

முதுகுத்தண்டு நீரில் வளர்ந்த கிருமிக்கு எந்தெந்த மருந்துகளின் முடிவை வழக்கமாகத் தெரிவிக்கக் கூடாது என்று லேப்களுக்கான தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் வழிகாட்டியில் பட்டியலே இருக்கிறது. இந்தியாவில் பல லேப்கள் பின்பற்றுவது அதைத்தான். வாய்வழி மட்டுமே கொடுக்கும் மருந்துகள், முதல் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், டெட்ராசைக்ளின் வகை என்று அது போகும். அதற்கு மேல் ஒவ்வொரு லேபும், குழந்தை மருத்துவர்களோடு பேசி, தன் பங்குக்குச் சிலவற்றை எடுத்துவிடும். காரணம் எளிது. இரவு இரண்டு மணிக்கு ரிப்போர்ட்டைப் பார்ப்பவர் அநேகமாகப் பயிற்சி மருத்துவர். தாளில் ஒரு மருந்துக்கு நேரே எஸ் இருந்தால், அது ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாரோ ஒரு குழந்தைக்கு ஏறிவிடும். கண்ணில் படாதது ஏறாது. இதை நான் முழுக்க நம்புகிறேன். ஆன்டிபயாடிக் விஷயத்தில் அறிவுரைச் சுவரொட்டிகளைவிட, ரிப்போர்ட்டில் எதை அச்சடிக்கிறோம் என்பதுதான் எழுதுகிற கையை மாற்றுகிறது.

ஆனாலும் அந்த இளைஞரின் வார்த்தை குத்திக்கொண்டே இருந்தது. இந்த விதி எல்லா இடத்திலும் சரியாக வெட்டுவதில்லை. அதே பட்டியல் ஃப்ளோரோகுயினலோன்களையும் வழக்கமாகத் தெரிவிக்காதே என்கிறது. ஆனால் அந்த வகையைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசின் மூளைநீருக்குள் ஓரளவு நன்றாகவே போகும். வேறு வழியில்லாதபோது குழந்தை மருத்துவர்கள் அதைக் கையில் எடுப்பதுண்டு. 1959இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிறுவனமான சி.டி.சி.யின் எலிசபெத் கிங், பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் திரும்பத் திரும்ப வந்த ஒரு புதுக் கிருமியை அடையாளம் கண்டு விவரித்தார். இப்போது அதன் பெயரே எலிசபெத்கிங்கியா. குழாய், வாஷ்பேசின் என்று மருத்துவமனைத் தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் அதற்கு வீடு. அது மெரோபெனெமை உடைக்கும் நொதியோடேயே பிறக்கிறது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினும் அதை ஒன்றும் செய்யாது. அதற்கு எதிராக மருத்துவர்கள் தேடிப் போவது ரிஃபாம்பிசின், சிப்ரோஃப்ளாக்சசின், வான்கோமைசின் என்று கிராம்-நெகடிவ் கிருமிக்கு யாரும் நினைத்துப் பார்க்காத பெயர்களை. அந்தக் கிருமி வந்த நாளில் நான் விதிப்படி தாளை அச்சடித்து அனுப்பிவிட்டு உட்கார்ந்தால், உதவக்கூடிய மருந்து மறைந்தே போயிருக்கும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: போனை எடுத்துப் பேசுவது. மறைத்து அச்சடிக்கும் லேபுக்குக் கூப்பிட்டுச் சொல்லும் கடமையும் உண்டு. பல இடங்களில் முதல் பாதி மட்டும் நடக்கிறது.

நேராக ஊற்றினால்?

அந்த இளைஞர் அடுத்த கேள்வியையும் வைத்திருந்தார். "மூளைக்குப் போகாதுங்கறதுதானே பிரச்சினை? மூளையிலேயே நேரா ஊத்திட வேண்டியதுதானே? முதுகுல தண்ணி எடுக்க முடியும்னா மருந்து விட முடியாதா?"

இதே கேள்வியை 1970களில் உலகின் பெரிய குழந்தைத் தொற்று நிபுணர்கள் கேட்டிருக்கிறார்கள். அப்போது கையில் இருந்த ஜென்டாமைசின் மூளைநீருக்குள் சரியாகப் போவதில்லை. குழந்தைகள் பாதிக்குப் பாதி இறந்துகொண்டிருந்த காலம். டெக்சஸ் மாநிலம் டாலஸைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ராக்கன் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து முதலில் முதுகுத்தண்டு வழியாக மருந்தைச் செலுத்திப் பார்த்தன. பலன் இல்லை. மருந்து கீழிருந்து மேலே மூளையின் அறைகள் வரை போய்ச் சேராததுதான் காரணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அடுத்த ஆய்வில், பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி வழியாக ஊசியை இறக்கி, மூளையின் அறைக்குள்ளேயே தினமும் ஜென்டாமைசின் விட்டார்கள். ஒப்பிடுவதற்கு, நரம்பு வழி மருந்து மட்டும் பெற்ற குழந்தைகள். மொத்தம் 52 பேர். மூளைநீரில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததுபோலவே எகிறியது. கிருமியைக் கொல்லத் தேவையானதைப் போலப் பல மடங்கு. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை.

ஆய்வை முன்கூட்டியே நிறுத்தவேண்டி வந்தது. 1980இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: மூளைக்குள் நேராக மருந்து பெற்ற குழந்தைகளில் 43 சதவீதம் இறந்தன. நரம்பு வழி மட்டும் பெற்றவற்றில் 13 சதவீதம்.

படிக்கிற காலத்தில் இந்த எண்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அவற்றை ஒரு தகப்பனுக்கு முன்னால் நின்று சொல்லும்போதுதான் எவ்வளவு விசித்திரமானவை என்று உறைத்தது. பின்னாளில் சொல்லப்பட்ட விளக்கம் இது: கிராம்-நெகடிவ் கிருமி செத்து உடையும்போது அதன் வெளிச்சுவரிலிருந்து நச்சு வெளியாகும். ஒரே நேரத்தில் கோடிக்கணக்கில் உடைந்தால் அந்த நச்சும் அதைத் தொடரும் அழற்சியும் மூளையைத் தாக்கும். ஊசி தினமும் மூளைத்திசுவைத் துளைத்துப் போவதும் சும்மா இருக்காது. மருந்து வேலை செய்யவில்லை என்பது அங்கே பிரச்சினையாக இருக்கவில்லை. அது மிக நன்றாக வேலை செய்தது. கிருமியை மட்டும் பார்த்துப் பழகிய என் மாதிரி லேப் ஆட்களுக்கு இது கசப்பான சங்கதி. கிருமியை வளர்க்கும் எங்கள் தட்டில் எது வேகமாகக் கொல்கிறதோ அதுதான் நல்ல மருந்து. தட்டுக்கு மூளை கிடையாது.

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்த ஐம்பத்திரண்டு புள்ளைங்க இல்லேன்னா இன்னைக்கும் ஊத்திக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார். ஆமாம் என்றேன்.

இன்று அந்தக் கதவு மறுபடியும் தட்டப்படுகிறது. மெரோபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபேக்டரும் நம் பச்சிளங்குழந்தை வார்டுகளில் சாதாரணம். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத் தொற்றில் முதலிடம் அசினெட்டோபேக்டருக்கு, அடுத்தது கிளெப்சியெல்லா. அந்த அசினெட்டோபேக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதவை. 2010இல் என்.டி.எம்-1 நொதி பற்றி உலகத்தை உலுக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர். மாதிரிகளில் ஒரு பங்கு சென்னையிலிருந்து போனவை. அந்த நொதி இருந்தால் மெரோபெனெம் போயிற்று, பெரும்பாலும் மிஞ்சுவது கொலிஸ்டின். அது பெரிய மூலக்கூறு, நரம்பு வழி கொடுத்தால் மூளைநீரில் சேருவது மிகச் சொற்பம். எங்கள் ரிப்போர்ட்டில்கூட அதற்கு எஸ் போட முடியாது. 2020இல் சி.எல்.எஸ்.ஐ. அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. உச்சபட்ச நற்சான்று 'இடைநிலை'தான். அப்படிப்பட்ட குழந்தைக்கு மூளை அறைக்குள் கொலிஸ்டின் விடுவதா என்று மருத்துவர்கள் தவிக்கும்போது, 1980ஆம் ஆண்டு அவர்கள் தோளில் உட்கார்ந்திருக்கிறது. விடுகிறார்கள், வேறு வழியே இல்லாதபோது. சில குழந்தைகள் பிழைத்ததாக ஆங்காங்கே கட்டுரைகள் வருகின்றன. பிழைக்காதவற்றைப் பற்றி யாரும் அவ்வளவு ஆர்வமாகக் கட்டுரை எழுதுவதில்லை.

முதுகில் ஊசி

இந்தக் குழந்தையின் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது, முதல் இரவே எடுத்த அந்தக் குழாய்தான். அதற்கும் சண்டை நடந்திருக்கிறது. குழந்தையின் ஆச்சி, "முதுகுல ஊசி போட்டா புள்ளைக்கு இடுப்பு விளங்காமப் போயிரும்" என்று வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். தகப்பன்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊசி இறங்கும் இடத்தில் தண்டுவடம் கிடையாது, அது அதற்கு மேலேயே முடிந்துவிடும் என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பயம் போகாது. மூளைக்காய்ச்சலால் கால் விளங்காமல் போன குழந்தைகளுக்கெல்லாம் முதுகில் ஊசி போட்டிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஊசிதான் நினைவில் நிற்கும். ஆச்சிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. "இப்ப ரொம்ப அன்ஸ்டேபிளா இருக்கு, அப்புறம் பார்க்கலாம்", "ரத்தக் கல்ச்சர் வரட்டும்" என்று தள்ளிப்போடும் மருத்துவர்களும் உண்டு. மூச்சுத் திணறுகிற குழந்தையைச் சுருட்டிப் பிடிப்பது ஆபத்துதான். அப்போது தள்ளிப்போடத்தான் வேண்டும். ஆனால் ரத்தக் கல்ச்சரை நம்பிக் காத்திருக்க முடியாது. மிகக் குறைந்த எடையுள்ள குழந்தைகளைப் பற்றி 2004இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மூளைக்காய்ச்சல் உறுதியான குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. முதுகுத்தண்டு நீரை எடுக்காமல் விட்டிருந்தால் அவை வெறும் சந்தேகத் தொற்று என்ற பெயரில், பாதி டோஸில், பாதி நாளில் வீட்டுக்குப் போயிருக்கும்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இந்த வகைக் கிருமிக்கு அது கட்டாயம்; நீர் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்தாகவேண்டும். இன்னும் வளர்ந்தது. ஆச்சி மறுபடியும் அழுதாராம். மூன்றாவது குழாயில்தான் தட்டு வெறுமையாக இருந்தது. குறைந்தது 21 நாள், சுத்தமான நீர் கிடைத்த பிறகு இரண்டு வாரத்துக்குக் குறையாமல், இரண்டில் எது நீளமோ அது என்பது கணக்கு. குழந்தை ஏழெட்டு நாளிலேயே பால் குடித்துக் கை காலை ஆட்டத் தொடங்கிவிடும். கண்ணுக்கு நோயே தெரியாத ஒரு குழந்தையின் கையிலும் காலிலும் மாறி மாறி நரம்பு தேடிக்கொண்டு இன்னும் இரண்டு வாரம் இருப்பது எவ்வளவு கொடுமை என்பதை நர்ஸ்களிடம்தான் கேட்கவேண்டும். அந்தக் கட்டத்தில்தான் சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப் போய்விடுகிறார்கள். இவர்கள் இருந்தார்கள். நடுவில் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பார்த்தார்கள். மூளை அறைகள் சற்று வீங்கி, பிறகு அதே அளவில் நின்றுவிட்டன. காது கேட்கிறதா என்பதற்கான பெரா பரிசோதனை வீட்டுக்குப் போன பிறகு. முதல் முறை ஒரு காதில் சரியாக வரவில்லை, திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

தாய் கேட்டது

டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாள் தாயும் வந்தார். கணவர் மாதிரி தாளெல்லாம் கொண்டு வரவில்லை. "நாங்க யாரும் உள்ள போகவே இல்லையே மேடம். கை கழுவி, கவுன் போட்டுத்தான் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தக் கிருமி எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். கணவரின் கேள்விகளுக்கு என்னிடம் ஆண்டுகளும் சதவீதங்களும் இருந்தன. இதற்கு வார்டுக்கு நடந்து போகவேண்டியிருந்தது.

தனியாக வந்த கேள்வியும் இல்லை. அதே மாதம் அதே வார்டிலிருந்து இன்னொரு குழந்தையின் ரத்தத்தில் இதே மாதிரி எதிர்ப்பு வரிசை கொண்ட கிளெப்சியெல்லாவைப் பார்த்திருந்தேன். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்த இளைஞரிடமிருந்து வந்ததோ என்னவோ. வாஷ்பேசின், சக்ஷன் குழாய், இன்குபேட்டரின் தண்ணீர்த் தொட்டி, ஸ்டெதஸ்கோப் என்று துடைத்து எடுத்துத் தட்டில் போட்டோம். மருத்துவமனையில் இப்படித் தேடினால் கிருமிகள் கிடைக்காமல் இருக்காது. கிடைப்பதெல்லாம் குற்றவாளியும் அல்ல. ஆனால் ஒரு மாதிரி கண்ணை உறுத்தியது. மருந்துகளைக் கரைப்பதற்காகத் திறந்து, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தியபடியே மேஜையில் வைத்திருந்த பெரிய டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று அதிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் அதே வரிசைக் கிளெப்சியெல்லா வளர்ந்தது. சர்க்கரைத் தண்ணீரில் கிளெப்சியெல்லா சுகமாகப் பெருகும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். அதில் கரைத்த ஆன்டிபயாடிக் ஒருபக்கம், கூடவே கிருமியும் ஒருபக்கம் குழந்தையின் நரம்புக்குள் போயிருக்கலாம். 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். இரண்டும் ஒரே வம்சம்தான் என்று நிரூபிக்கும் மரபணுப் பரிசோதனை எங்களிடம் இல்லை. தாயிடம் அப்படியேதான் சொன்னேன். சொல்லலாமா என்று மேலிடத்தில் கேட்காமலேதான் சொன்னேன்.

அந்த வார்டில் இப்போது பெரிய பாட்டில் கிடையாது. கரைப்பதற்குச் சிறிய ஆம்பூல்கள். ஒரு குழந்தைக்கு ஒன்று, மிச்சம் குப்பைக்கு. செலவு கூடிவிட்டது என்று ஸ்டோரில் மாதாமாதம் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். குழந்தை மருத்துவர் அந்தக் கடிதத்தோடு அந்த 21 நாளின் மெரோபெனெம் பில்லின் நகலை இணைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.